முதலில் நேர அட்டவணை, பிறகு ஓடுபாதை: மட்டக்களப்பு விமான நிலையத்துக்குத் திட்டம் எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிவில் விமானச் சேவை அதிகார சபையிலும் விமான நிலையக் கம்பனியிலும் இருப்பவர்களுக்கும், எங்கள் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கூடும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கும்,

வணக்கம். நான் கல்லடியில் இரண்டு வேன் வைத்து ஓட்டுகிறவன். ஒன்றை நான் ஓட்டுகிறேன், மற்றதை என் மச்சான் ஓட்டுகிறார். பதினாலு வருசமாக கட்டுநாயக்கா சர்வதேச விமான நிலையத்துக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் போய்வருகிறோம். திமிலைதீவில் இருக்கும் எங்கள் மட்டக்களப்பு விமான நிலையத்தை வளர்க்க வேண்டும், ஓடுபாதையை நீட்ட வேண்டும், இந்தியாவுக்குப் பறக்க வேண்டும் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் யாராவது பேசுகிறார்கள். பேசட்டும், நல்ல விசயம்தான். ஆனால் திட்டம் என்று ஒன்றை எழுத உட்காரும்போது எங்கிருந்து தொடங்குகிறீர்கள் என்பதில்தான் எனக்குக் கவலை. அதனால்தான் இந்த மடல்.

போன வருசம் ஆவணி மாதம் சுவிஸிலிருந்து ஒரு அக்கா வந்தார். அப்பா செத்துப்போனார், செத்த வீட்டுக்கு வந்தவர். காலை ஒன்பது மணிக்கு இறங்கினார், பெட்டி வந்து சேர்ந்து நாங்கள் கிளம்பும்போது பத்தரை தாண்டிவிட்டது. பிரேதம் எடுப்பது மூன்று மணிக்கு. வெயில், வைத்திருக்க முடியாது, அதோடு நேரமும் பார்த்துவிட்டார்கள். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை என்று என்னால் முடிந்த வேகத்தில் ஓட்டினேன், பின்னால் இருந்து அவர் ஒரு சொல் பேசவில்லை. மூன்று மணிக்கு நாங்கள் மன்னம்பிட்டி தாண்டிக்கொண்டிருந்தோம். தம்பி வீட்டிலிருந்து வீடியோ கோல் எடுத்தான், அக்கா போனை முன் சீற்றின் முதுகில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பறைச் சத்தம் கேட்டது, பெண்கள் அழுவது கேட்டது, பெட்டியைத் தூக்கும்போது சிக்னல் போய்விட்டது. புணானை வரும்வரை அது திரும்ப வரவில்லை. வேனை நிறுத்தவா என்று கேட்டேன், வேண்டாம் ஓடுங்கோ என்றார்.

கட்டுநாயக்காவிலிருந்து மட்டக்களப்புக்கு நேர்கோட்டில் 200 கிலோமீற்றர் சொச்சம்தான். ஒரு சின்ன விமானம் முக்கால் மணி, ஒரு மணித்தியாலத்துக்குள் வந்துவிடும். றோட்டால் 300க்கு மேல், ஏழு எட்டு மணித்தியாலம். அந்த அக்காவைப் போன்றவர்கள் எந்தச் சாத்தியவள அறிக்கையிலும் இருக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்களை யாரும் எண்ணுவதில்லை. அறிக்கைகளில் இருப்பது சுற்றுலாப் பயணிகள். பாசிக்குடாவில் இத்தனை ஹோட்டல், இத்தனை அறை, அதில் இத்தனை வீதம் விமானத்தில் வருவார்கள் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கு பிழை என்று சொல்லவில்லை, அது பாதிதான்.

சரி, வேன்காரன் ஏன் விமானத்துக்காக எழுதுகிறான் என்று கேட்பீர்கள். விமானத்தில் வந்து இறங்குகிறவரும் திமிலைதீவிலிருந்து வீட்டுக்கு நடந்து போகப்போவதில்லை. எட்டு மணித்தியாலம் ராத்திரி ஓட்டம் ஓடி கண் எரிய வந்து சேருவதைவிட, ஒரு நாளைக்கு நான்கு தரம் கல்முனைக்கும் வாழைச்சேனைக்கும் ஓடுவது எங்களுக்கு நல்லது. தூக்கக் கலக்கத்தில் எத்தனை வேன் அந்த றோட்டில் மரத்தில் மோதியது என்று எங்களுக்குத்தான் தெரியும்.

இந்த நிலையம் புதிதல்ல. 1958இல் எயார் சிலோன் விமானம் வந்து இறங்கிய இடம். 1983இல் விமானப் படையின் கைக்குப் போனது. 2018 பங்குனியில் திரும்பவும் பொதுமக்கள் விமான நிலையமாகத் திறந்தார்கள், 2019இல் வர்த்தமானியில் சர்வதேச விமான நிலையம் என்று வந்தது. அதாவது பெயர் வந்து சேர்ந்துவிட்டது. நாங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பது ஒழுங்கான நேரத்துக்கு வந்து போகும் ஒரு விமானத்தை.

பெயரும் கட்டடமும் முதலில் வந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தூரத்துக்குப் போகத் தேவையில்லை. தெற்கில் மத்தளை விமான நிலையம் 2013 பங்குனியில் திறந்தது, செலவு 209 மில்லியன் டொலர், அதில் 190 மில்லியன் சீனக் கடன். 3,500 மீற்றர் ஓடுபாதை, வருசத்துக்குப் பத்து இலட்சம் பேர் வந்துபோகலாம் என்று கட்டினார்கள். இரண்டு வருசத்தில் அங்கே நெல் மூட்டை அடுக்க வேண்டி வந்தது. அதைவிடக் கிட்ட, எங்கள் ஒலுவில். டென்மார்க் கடனில் கட்டிய துறைமுகம், அதுவும் 2013இல்தான் திறந்தது. வாயில் மணல் மூடியது, வர்த்தகக் கப்பல் வந்து போகும் துறைமுகமாக அது ஓடவே இல்லை, பக்கத்துக் கரையைக் கடல் தின்றது, தோணி இழுத்து வைத்த இடமும் தென்னங்காணியும் போனது. ஒலுவிலாரிடமும் நிந்தவூராரிடமும் கேட்டுப் பாருங்கள். திட்டம் எழுதியவர்கள் எல்லோரும் படித்தவர்கள்தான். ஆனால் கப்பல்காரர்களில் யார் வருவேன் என்று கையெழுத்துப் போட்டார்கள் என்ற கேள்விக்கு அந்தத் திட்டத்தில் பதில் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று நான் நம்புகிறேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று எங்கள் ஆச்சி சொல்லுவா.

அதனால் முதல் பக்கத்தில் ஓடுபாதையின் நீளத்தை எழுதாதீர்கள். ஒரு நேர அட்டவணையை எழுதுங்கள். எந்த விமானம், எங்கிருந்து, கிழமையில் எந்த நாட்கள், எத்தனை மணிக்கு. அதை மூன்று வருசத்துக்கு மாற்றாமல் ஓட்ட என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனால் மிச்சத் திட்டம் தானாக வரும். எவ்வளவு நீளம் வேண்டும், எத்தனை தீயணைப்பு வண்டி வேண்டும், எவ்வளவு காசு வேண்டும் எல்லாம் அதற்குள் இருக்கிறது.

இதில் ஒரு முடிவு உடனே எடுக்க வேண்டி வரும், அதை யாரும் வெளியில் பேசிக் கேட்டதில்லை. விமானம் கட்டுநாயக்காவுக்குப் போவதா, இரத்மலானைக்குப் போவதா? வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் கல்ஃபுக்குப் போகிறவர்களுக்கும் கட்டுநாயக்காதான் வேண்டும். கொழும்பில் அலுவலகம், வழக்கு, வைத்தியம் என்று போகிறவர்களுக்கு, மஹரகம ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிக்கு, இரத்மலானைதான் கிட்ட. ஒரே ஒரு சின்ன விமானத்தை வைத்துக்கொண்டு இரண்டு கூட்டத்தையும் திருப்திப்படுத்தப் போனால் இரண்டும் கெட்டுவிடும். என் அனுபவத்தில் கட்டுநாயக்காவைத் தேர்ந்தெடுக்கலாம், காரணம் அங்கே வருகிறவர் ஏற்கெனவே விமான டிக்கெட்டுக்குக் காசு கட்டியவர், இன்னொரு துண்டு சேர்த்து எடுப்பது அவருக்குப் பெரிய விசயம் இல்லை. ஆனால் நேரம் பொருந்த வேண்டும். கல்ஃப் விமானங்கள் நிறைய ராத்திரியிலும் விடியப்புறத்திலும் இறங்குகின்றன. காலை ஏழு, ஏழரைக்கு கட்டுநாயக்காவிலிருந்து ஒன்று கிளம்பினால் அவர்களைப் பிடிக்கலாம். பின்னேரம் நாலரைக்கு இங்கிருந்து கிளம்பினால் அன்றிரவு வெளிநாடு போகிறவர்களைப் பிடிக்கலாம். பகல் பன்னிரண்டுக்கு வந்து பன்னிரண்டரைக்குப் போகிற விமானம் யாருக்கும் உதவாது, அதில் ஆளில்லை என்று காட்டி மூடிவிடுவது மட்டும் சுலபம்.

பெட்டிப் பிரச்சினை ஒன்று இருக்கிறது. கனடாவிலிருந்து வருகிறவர் ஆளுக்கு இரண்டு பெட்டி, 23 கிலோப்படி 46 கிலோ கொண்டுவருகிறார். எட்டுப் பேர் ஏறும் விமானத்தில் இதை ஏற்ற முடியாது. ஒரு தடவை என்னிடம் வழக்கமாக வரும் குடும்பம் ஆசைப்பட்டு ஒரு கம்பனியில் அந்தச் சின்ன விமானத்துக்குப் பதிவுசெய்தது, பெட்டிகளை அங்கே எடுக்கமாட்டோம் என்றதும் ஆட்கள் விமானத்தில் வர, பெட்டிகளுக்கு மட்டும் என் வேனைப் பிடித்தார்கள். இரட்டைச் செலவு. அடுத்த வருசம் அவர்கள் விமானத்தை நினைக்கவே இல்லை. பெட்டியை ராத்திரி லொறியில் அல்லது ரயிலில் தனியாக அனுப்பி மறுநாள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதையும் டிக்கெட் விலைக்குள் சேர்த்தால் இது தீர்ந்துவிடும். எங்களைப் போன்ற வேன்காரர்களோடு ஒப்பந்தம் செய்தால் போதும், இதற்குக் கட்டடம் தேவையில்லை.

இனி பருவம். கிழக்குக் கடல் சித்திரைக்குப் பிறகு அமைதியாகி புரட்டாதி வரை நல்லாக இருக்கும், பாசிக்குடாவுக்கும் அறுகம்பைக்கும் வெள்ளைக்காரர்கள் வருவது அப்போதுதான். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம், ஐரோப்பாவிலும் கனடாவிலும் பள்ளிக்கூட விடுமுறை, எல்லாம் அதே மாதங்களில் வந்து விழுகின்றன. அந்த நான்கைந்து மாதத்தில் எங்களுக்கு வேன் போதாது. ஐப்பசியிலிருந்து தை வரை மழை, வெள்ளம், றோட்டு மூடும், ரயில் நிற்கும், சுற்றுலாக்காரர் ஒருவரும் இல்லை. அந்த நேரத்தில்தான் நோயாளிகளுக்கும் அவசரக்காரர்களுக்கும் விமானம் அதிகம் தேவைப்படும். உங்கள் திட்டம் சீசனில் கிழமைக்கு ஐந்து நாள், மழைக் காலத்தில் இரண்டு நாள் என்று வைக்கட்டும், குறைக்கலாம், ஆனால் முழுதாக நிறுத்தக்கூடாது. நின்றுபோகும் சேவையை மக்கள் மறந்துவிடுவார்கள், திரும்பத் தொடங்கும்போது பழையபடி முதலிலிருந்து நம்பிக்கையைக் கட்ட வேண்டும்.

இந்தியாவுக்குப் பறப்பது பற்றி. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் எங்களுக்கு நல்ல பாடம். 2019 ஐப்பசியில் திறந்தார்கள், கார்த்திகையில் சென்னையிலிருந்து அலையன்ஸ் எயாரின் ஏடிஆர் என்ற விசிறி விமானம் வந்தது, கொரோனாவில் நின்றது, 2022 மார்கழியில் திரும்ப வந்தது, 2024 புரட்டாதியில் இண்டிகோவும் வந்தது, 2025இல் திருச்சிக்கும் பறக்கத் தொடங்கினார்கள். அவர்கள் பெரிய ஜெட்டுக்காகக் காத்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இருக்கிற ஓடுபாதைக்கு ஏற்ற விமானத்தை வரவைத்தார்கள். ஏடிஆர் 72 முழுச் சுமையோடு எழும்ப ஏறத்தாழ 1,300, 1,400 மீற்றர் போதும், வெயில் கூடும்போது இன்னும் கொஞ்சம் வேண்டும். ஏ320 போன்ற ஜெட்டுக்கு 2,000க்கு மேல் தேவை. இந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் மில்லியன் கணக்கில் செலவு.

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 78 சீற் உள்ள ஏடிஆர் கிழமைக்கு மூன்று தரம் வந்து, நூற்றுக்கு எழுபது சீற் நிரம்பினால் ஒரு பக்கத்துக்கு 164 பேர். வருசத்துக்கு எட்டாயிரத்து ஐந்நூறு பேர் வர, அதே அளவு போக வேண்டும். இது முடியாத எண்ணிக்கை இல்லை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் ஏறத்தாழ 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர், அம்பாறையில் ஏறத்தாழ 6 இலட்சத்து 48 ஆயிரம் பேர். பாருங்கள், அம்பாறைதான் பெரிது. கல்முனை, காரைதீவு, சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆட்கள் இது மட்டக்களப்பாரின் விமான நிலையம் என்று நினைத்தால் திட்டம் பாதியில் நின்றுவிடும். கல்முனையிலிருந்து விமான நேரத்துக்கு ஒரு பஸ், அறுகம்பைக்குப் போகிற வெள்ளைக்காரருக்குப் பொத்துவில் வரை ஒரு பஸ், இரண்டும் முதல் நாளிலிருந்தே ஓட வேண்டும். உம்றாவுக்கும் கல்ஃபுக்கும் போகிறவர்கள் எத்தனை பேர், இந்தியாவுக்கு வைத்தியத்துக்கும் கோயிலுக்கும் போகிறவர்கள் எத்தனை பேர் என்று ஊர் ஊராகப் பள்ளிவாசலிலும் கோயிலிலும் கேட்டு எண்ணுங்கள். கொழும்பில் இருந்து கொண்டு எண்ண முடியாது.

வெளிநாட்டு விமானம் வந்தால் குடிவரவு, சுங்கம், பாதுகாப்பு, சுகாதாரம் எல்லாம் வேண்டும். கிழமைக்கு மூன்று விமானத்துக்கு ஏழு நாளும் சம்பளம் கொடுத்து ஆட்களை உட்கார வைத்தால் வருமானம் அதிலேயே போய்விடும். விமானம் வருகிற நாளுக்கு மட்டும் வந்து போகும் ஏற்பாடு செய்யலாம். தீயணைப்பு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாமல்தான் இருந்தது, ஒரு விமான நிலையத்தில் தீயணைப்புப் பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வேனில் வந்தபோது வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். விமானத்தின் நீளத்தையும் உடம்பின் அகலத்தையும் பார்த்துத்தான் எந்த வகுப்புத் தீயணைப்பு என்று தீர்மானிப்பார்களாம். 27 மீற்றர் நீளமான ஏடிஆர் ஐந்தாம் வகுப்பு. அதிகம் ஓடும் மூன்று மாதத்தில் இறங்குவதும் எழும்புவதும் சேர்த்து 700 தரத்துக்குக் குறைந்தால் ஒரு வகுப்புக் குறைத்து வைக்கச் சர்வதேச விதியே இடம்கொடுக்கிறது. இப்படிப்பட்ட விசயங்கள்தான் சின்ன விமான நிலையத்தின் உயிர், இவற்றுக்குத் திட்டத்தில் பக்கம் ஒதுக்குங்கள். எரிபொருள் இங்கேயே நிரப்ப முடியுமா என்பதையும் எழுதுங்கள், முடியாவிட்டால் திரும்பிப் போக வேண்டிய எண்ணெயையும் சுமந்துகொண்டு வர வேண்டும், அந்த எடைக்கு ஆட்களைக் குறைப்பார்கள்.

மானியம் கொடுக்க வேண்டி வரும். அதைச் சொல்ல வெட்கப்படத் தேவையில்லை, உலகம் முழுக்கச் சின்ன விமான நிலையங்களுக்கு அரசாங்கம் கைகொடுக்கிறது. எப்படிக் கொடுப்பது என்பதில்தான் கவனம். இந்தியாவில் சின்ன ஊர்களை விமானத்தால் இணைக்கும் உடான் திட்டத்தில் மூன்று வருசம் விமானக் கம்பனிகளுக்கு நட்டத்தை ஈடுசெய்து கொடுத்தார்கள். அவர்களுடைய தலைமைக் கணக்காய்வாளர் 2023இல் கொடுத்த அறிக்கையைத் தேடிப் படியுங்கள். ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 371தான் ஓடத் தொடங்கின, மூன்று வருசமும் ஓடி முடித்தவை 112, மானியம் முடிந்த பிறகும் ஓடியவை 54. காசு முடிந்ததும் விமானமும் முடிந்தது. ஆகவே மானியத்தைச் சீற் நிரம்பாத நட்டத்துக்குக் கொடுங்கள், வருசா வருசம் குறையும்படி எழுதுங்கள், கம்பனி சொன்ன நாளுக்குப் பறக்காவிட்டால் வெட்டுங்கள். முதல் நாள் இரவு எட்டு மணிக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி நாளைக்கு விமானம் இல்லை என்று சொன்னால், அந்த நேரத்தில் எங்களுக்குத்தான் போன் வரும், அண்ணை எப்படியாவது ராத்திரியே கிளம்புவோம் என்று. அப்படி மூன்று தரம் ஓடியிருக்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களிடம் காசு கேட்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கொச்சி விமான நிலையம் அப்படித்தான் வந்தது, 30 நாடுகளில் இருந்த பத்தாயிரம் பேர் அளவில் பங்கு போட்டு 1999இல் திறந்தார்கள், 2015இல் 12 மெகாவாற் சூரிய மின் நிலையம் போட்டு தன் கரண்ட் முழுவதையும் தானே எடுத்துக்கொண்டது. எங்களுக்கும் வெயிலுக்குக் குறைவில்லை, மின்சாரச் செலவைக் குறைக்க அது நல்ல வழி. ஆனால் பங்கு கேட்பதாயிருந்தால் கணக்கைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு மாதமும் எத்தனை விமானம் வந்தது, எத்தனை பேர், தரையிறங்கும் கட்டணம் எவ்வளவு, கடை வாடகை எவ்வளவு, சம்பளம் எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதிப் போடுங்கள். தன் காசு எங்கே போகிறது என்று தெரியாமல் டொராண்டோவில் இரண்டு வேலை செய்கிறவர் ஒரு சதமும் தரமாட்டார், தரவும் கூடாது.

நண்டு, இறால், மீன் எல்லாம் விமானத்தில் ஏற்றலாம் என்ற பேச்சைக் கொஞ்சம் குறையுங்கள். ஐஸ் போட்ட லொறி ராத்திரியோடு கொழும்பு போய்விடுகிறது, விலையும் மலிவு. சின்ன விமானத்தில் ஒரு தொன் ஏற்றுவதே பெரிய விசயம்.

கடைசியாகப் பக்கத்து வீடுகள். ஓடுபாதையை நீட்டுவது என்றால் காணிதான், இல்லாவிட்டால் வாவிதான். வாவிக் கரையில் வலை வீசிப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள், கண்டல் மரம் இருக்கிறது, அங்கேதான் மீன் குஞ்சு வளர்கிறது. பலாலியில் 1990இல் யுத்தத்தால் எழும்பிப் போனவர்கள் காணிக்காக எத்தனை வருசம் காத்திருந்தார்கள் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், அந்தப் பயம் எங்கள் ஊரிலும் இருக்கிறது. ஒரு அளவைக்காரர் முக்காலியோடு வந்து நின்றாலே கதை ஊர் முழுக்கப் பரவிவிடும். ஆகையால் வரைபடம் போடுவதற்கு முன்னால் வந்து பேசுங்கள். குப்பையும் இதோடு சேர்ந்ததுதான், மாநகர சபைக்குச் சொல்கிறேன். விமான நிலையத்திலிருந்து 13 கிலோமீற்றருக்குள் குப்பை மேடு வைக்கக்கூடாது என்பது சர்வதேச ஆலோசனை, பறவை கூடும் என்பதால். எங்கள் நகரம் முழுவதும் அந்த வட்டத்துக்குள்தான். திருப்பெருந்துறையில் குப்பை எரிந்து ஊரே புகையில் கிடந்ததை நாங்கள் மறக்கவில்லை, அடுத்த இடத்தைத் தேடும்போது விமானத்தையும் யோசியுங்கள்.

நான் கேட்பது இரண்டே விசயம். வரைவுத் திட்டம் எழுதியதும் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைத் தமிழிலும் சிங்களத்திலும் கச்சேரியிலும் பொது நூலகத்திலும் வையுங்கள், கல்முனையிலும் ஒரு பிரதி வையுங்கள், ஒரு மாதம் எங்களைப் படிக்க விடுங்கள். இரண்டாவது, பயணிகளை எண்ணத் தொடங்கும்போது வேன்காரர்களைக் கூப்பிடுங்கள். என்னிடம் நான்கு சிட்டைக் கொப்பி இருக்கிறது. எந்தத் திகதியில், எந்த விமானத்தில், எந்த ஊருக்கு, எத்தனை பேர், எத்தனை பெட்டி என்று ஒவ்வொரு ஓட்டத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். பெயர்களை மறைத்துவிட்டுத் தருகிறேன். கல்லடியில் மற்ற வேன்காரர்களிடமும் அப்படிக் கொப்பிகள் இருக்கின்றன, கேட்டால் தருவார்கள்.

அன்புடன்,
கல்லடியிலிருந்து ஒரு வேன் சாரதி